மெக்னீசியம் சேர்த்துச் சூடாக்கினால் ஆர்என்ஏ ஏன் சிதைகிறது?

வணக்கம். டிஆர்என்ஏவில் (tRNA, அமினோ அமிலத்தைச் சுமந்து செல்லும் சிறு ஆர்என்ஏ) 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்து 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்தேன், ஜெல்லில் பட்டைக்குப் பதில் இழுபட்ட கறைதான் வந்தது, ஆர்என்ஏவை அறுக்கும் நொதியான ஆர்என்ஏஸ் கலந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நொதியை அப்புறம் பார்க்கலாம். எனக்குச் சந்தேகம் நீங்கள் சேர்த்த வரிசை மேல்தான்.

ஆர்என்ஏவின் முதுகெலும்பு முழுக்கப் பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை. மடியும்போது அவை ஒன்றையொன்று தள்ளும். இரட்டை நேர்மின்சுமை கொண்ட மெக்னீசியம் அதைத் தணிப்பதால்தான் டிஆர்என்ஏ எல் வடிவத்தில் இறுகி நிற்கிறது. ஆனால் சூட்டில் அதே அயனி, ஆர்என்ஏவின் சர்க்கரையான ரைபோஸின் 2' ஹைட்ராக்சில் பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்க வழிசெய்து சங்கிலியை அறுத்துவிடும். ஈயம் இன்னும் மோசம்: ஈஸ்டின் பினைல்அலனைன் டிஆர்என்ஏவைச் சூடே இல்லாமல் டி (D) வளையத்தில் ஒரே இடத்தில் நறுக்கும்.

அதனால் மெக்னீசியம் இல்லாமல் 90 டிகிரியில் 2 நிமிடம் சூடாக்குங்கள். ஆறவிட்டு, பிறகு மெக்னீசியம் சேர்த்து 37 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். தாங்கல் கரைசலில் இடிடிஏ (EDTA) இருந்தால் அதன் அளவை மெக்னீசியத்திலிருந்து கழித்துக் கணக்கிடுங்கள். அது ஒன்றுக்கு ஒன்று மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்கிறீர்கள். அங்கே போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதென்றால், அது பெரும்பாலும் கால்சியமும் மெக்னீசியமும்தான். கண்ணாடிச் சாமான்களைக் கடைசியாக அலச அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

அடுத்த முறை, மடிப்பை அவிழ்த்துவிடும் யூரியா ஜெல்லில் சூடாக்காத மாதிரியையும், மெக்னீசியம் இல்லாமல் சூடாக்கியதையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அவையும் கறையாக வந்தால், சரி, ஆர்என்ஏஸைத் தேடலாம்.