பிளேட்டோவோடு வாதம் செய்யலாமா?

அன்புள்ள ஐயா,

முதுகலைத் தத்துவம் முதலாண்டு படிக்கிறேன். 'அறிவு என்றால் என்ன?' என்று ஒரு அசைன்மென்ட். பிளேட்டோ முதல் கான்ட் வரை யார் யார் என்ன சொன்னார்கள் என்று பத்துப் பக்கம் எழுதினேன். 'உன் வாதம் எங்கே?' என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பேராசிரியர். அவ்வளவு பெரியவர்களுக்கு எதிரே நான் என்ன வாதம் வைக்க முடியும்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் பேராசிரியர் கேட்டது சரியான கேள்வி. இதே தலைப்பில் நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 'அனாலிசிஸ்' என்ற தத்துவ இதழில் எழுதிய கட்டுரை. மூன்றே பக்கம். அதற்கு முன் அவர் அதிகம் எழுதியவரும் அல்ல. பிளேட்டோ அதில் ஓர் அடிக்குறிப்பில்தான் வருகிறார்.

ஒன்றை நம்புகிறோம், அது உண்மை, நம்பத் தக்க காரணமும் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் போதுமா, அது அறிவாகிவிடுமா? கெட்டியர் கேட்டது அவ்வளவுதான். ஸ்மித்தும் ஜோன்ஸும் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நிறுவனத் தலைவரே ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். ஜோன்ஸின் பையில் பத்துக் காசு இருப்பதையும் ஸ்மித் எண்ணிப் பார்த்திருக்கிறான். ஆகவே, 'வேலை கிடைக்கப்போகிறவனின் பையில் பத்துக் காசு இருக்கிறது' என்று முடிவு கட்டுகிறான். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவனுக்கே தெரியாமல் அவன் பையிலும் பத்துக் காசு! நம்பியது உண்மை, காரணமும் இருந்தது. ஆனாலும் அவனுக்கு அது தெரிந்திருந்தது என்று சொல்ல மனம் வருமா?

உங்கள் கட்டுரையை இங்கிருந்து தொடங்கலாம். ஸ்மித் ஒரு பொய்த் தகவலை வைத்துத்தானே முடிவுக்கு வந்தான்? 'பொய்யை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது' என்று நான்காவது நிபந்தனை சேர்த்தால் போதும் என்று வாதிடுங்கள். உடனே எதிர்ப்பு வரும். ஆல்வின் கோல்ட்மன் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் 1976-இல் எழுதிய கொட்டகை உதாரணம், கெட்டியருடையதைவிடத் தொல்லை கொடுப்பது. முகப்பை மட்டும் கட்டி நிறுத்திய போலிக் கொட்டகைகள் நிறைந்த பகுதியில், தற்செயலாக இருக்கும் ஒரே அசல் கொட்டகையைப் பார்த்து 'அது கொட்டகை' என்கிறான் ஒருவன். எந்தப் பொய்யிலிருந்தும் அவன் அதை ஊகிக்கவில்லை. இருந்தும் அது அறிவா? இதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் உங்கள் வாதம்.

எதிர்த்தரப்பை நோஞ்சானாக்கி அடிக்காதீர்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயங்களின் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தில், அருணந்தி சிவாச்சாரியார் முதலில் கண்ணால் காண்பதே மெய் என்னும் உலகாயதரைப் பேசவிட்டு, அதன் பிறகுதான் மறுக்கிறார்.

அப்புறம், 'ஆதிகாலம் தொட்டே மனிதன் அறிவைத் தேடி வருகிறான்' என்பதுபோல் முதல் வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் நிறுவப்போவது என்ன என்று எழுதுங்கள். திருத்தியதைக் கொடுக்கும் முன் எனக்கும் அனுப்புங்கள், படிக்கிறேன்.