அப்பாவின் ஃபிலிம் கேமரா லென்ஸ் டிஜிட்டலில் ஏறுமா?

கேள்வி: அப்பா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்து யாஷிகா எஃப்எக்ஸ்-3 கேமரா, 50 எம்எம் லென்ஸோடு பீரோவில் கிடக்கிறது. என்னிடம் கேனான் 200டி இருக்கிறது. அந்த லென்ஸை இதில் மாட்ட முடியுமா? கடையில் கேட்டால், "பழசெல்லாம் இதில் ஏறாது, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள். (திருச்சி வாசகர்)

பதில்: ஏறும். ஒரு வளையம் வாங்கினால் போதும்.

லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை, டிஜிட்டலில் சென்சார் வரை, எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் இதில் முக்கியம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அளவு. யாஷிகாவுக்கு 45.5, உங்கள் 200டி போன்ற கேனான் டிஎஸ்எல்ஆருக்கு 44. மிச்சம் ஒன்றரை மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்கு ஓர் உலோக வளையம் போட்டுவிட்டால், பழைய கேமராவில் இருந்த அதே தூரத்தில் லென்ஸ் உட்கார்ந்துவிடும். கிட்டத்து முகமும் தெளியும், மலைக்கோட்டையும் தெளியும்.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் பதில் வேறு. அதன் அளவு 46.5. வளையமே போடாவிட்டால்கூட யாஷிகா லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கும். பக்கத்தில் இருப்பது மட்டும் தெளியும், தூரம் தெளியாது. இதைச் சரிக்கட்ட நடுவில் சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். நல்ல லென்ஸுக்குப் பின்னால் மட்டமான கண்ணாடியை வைத்துப் படம் எடுப்பதற்கு, போனிலேயே எடுத்துவிட்டுப் போகலாம்.

கேனானின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸ்களே உங்கள் 200டி-யில் ஒழுங்காக ஏறாது என்பதுதான் வேடிக்கை. அவற்றின் அளவு 42, அதாவது 44-ஐவிடக் குறைவு. 1987-ல், உங்கள் 200டி-யும் சேர்ந்த ஈஓஎஸ் வரிசையைக் கொண்டுவந்தபோது, லென்ஸ் மாட்டும் அமைப்பான மவுன்ட்டையே கேனான் மாற்றிவிட்டது. கடைக்காரர் அதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, வாங்கும்போது "சி/ஒய் டு ஈஓஎஸ்" என்று கேளுங்கள், சி/ஒய் என்பது கான்டாக்ஸ்/யாஷிகாவின் சுருக்கம். சாதாரண வளையம் போதும். ஃபோகஸ் விழுந்ததும் பீப் அடிக்கும் சிப் ஒட்டியதும் உண்டு. கூடுதல் விலை பெரிதில்லை என்றால் அதை எடுக்கலாம்.

மாட்டியபின் ஆட்டோஃபோகஸ் இருக்காது, வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சரை லென்ஸிலேயே திருப்ப வேண்டும். திரையில், அபர்ச்சர் அளவைச் சொல்லும் எஃப் எண் 00 என்று காட்டும், பயப்பட வேண்டாம். அபர்ச்சர் மட்டும் உங்கள் கையில் இருக்கும் ஏவி மோடில் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் கொஞ்சம் கூடவோ குறையவோ செய்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் சரி செய்துகொள்ளலாம். வியூஃபைண்டரை நம்பி ஃபோகஸ் செய்யாதீர்கள். அந்தக் காலத்துக் கேமராவில் ஃபோகஸ் பிடிக்கவென்றே நடுவில் பிளவுபட்ட வட்டம் இருந்தது, இதில் கிடையாது. பின்திரையில் காட்சியைப் பார்க்கும் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து ஃபோகஸ் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டிய எண்ணுக்கு மூடுங்கள்.

இன்னொன்று, 200டி-யின் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. 50 எம்எம் இங்கே 80 எம்எம் போல நெருக்கிக் காட்டும். ஆளை உட்காரவைத்து முகம் எடுக்க அருமை. ஓடுகிற குழந்தைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆகாது.

கேள்வி: சோனி இசட்வி-இ10 வாங்கியிருக்கிறேன். பழைய லென்ஸை அடாப்டரில் மாட்டினால் ஷட்டர் அடிக்கவே மாட்டேன் என்கிறது. அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொண்டிருக்கிறது. மெனுவில் "ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்" என்பதைத் தேடி எனேபிள் செய்யுங்கள். ஃபோகஸ் பீக்கிங்கையும் போட்டுவிட்டால், தெளிவான விளிம்புகள் நிறத்தில் மின்னும். உங்கள் சோனி போன்ற மிரர்லெஸ் கேமராவில், லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் மிகக் குறைவு. சோனிக்கு 18 மில்லிமீட்டர், கேனான் ஆர்எஃப்புக்கு 20, நிக்கான் இசட்டுக்கு 16. அதனால் எந்தக் கம்பெனியின் பழைய எஸ்எல்ஆர் லென்ஸாக இருந்தாலும், இடைவெளியை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். உள்ளே கண்ணாடியும் இல்லை, மின்சாரமும் இல்லை. இதற்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. ஆட்டம் இல்லாமல் இறுக்கமாக உட்காருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

கேள்வி: நிக்கான் டி5600-க்கு 50 எம்எம் 1.8டி லென்ஸ் செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது. அதே நிக்கான் மவுன்ட்தானே, வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: மவுன்ட் அதேதான், மோட்டார்தான் இல்லை. டி வகை லென்ஸை, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அது கிடையாது, டி7000 வரிசையில் உண்டு. நீங்கள் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்து ஏஎஃப்-எஸ் 50 எம்எம் 1.8ஜி பழையதாகவே தேடுங்கள், அதில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பின்னாளில் நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும், பழைய நிக்கான் லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் இந்த ஜி லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் வரும், டி லென்ஸுக்கு வராது.

கேள்வி: பழைய லென்ஸில் ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? துடைத்துத் தருவதாகச் சொல்கிறார்களே? (சென்னை வாசகர்)

பதில்: அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து மெல்லிய வேர் போலக் கிளை பிரிந்து வந்தால் ஃபங்கஸ். மொத்தமாகப் பனி படர்ந்தாற்போல இருந்தால் ஹேஸ். நாலைந்து தூசிக்கு வருத்தப்பட வேண்டாம், எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மின்னாமல் இருக்கிறதா, அபர்ச்சர் வளையத்தைத் திருகினால் அவை சட்டென்று அசைகின்றனவா என்றும் பாருங்கள்.

ஃபங்கஸைத் துடைக்கலாம்தான். ஆனால் நாள்பட்டதென்றால் கண்ணாடியின் கோட்டிங்கை அரித்திருக்கும், அந்தத் தழும்பு போகாது. லென்ஸைப் பிரித்து மாட்டும் கூலி பல நேரம் லென்ஸின் விலையையே தாண்டிவிடும். அப்பாவின் லென்ஸ் என்றால் செலவழியுங்கள், விலைக்கு வாங்குவதென்றால் அடுத்ததைப் பாருங்கள். நேரில் பார்க்காமல் வாங்கினால், டார்ச் அடித்த படம் அனுப்பச் சொல்லி, ஃபங்கஸ் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் பணம் அனுப்பாதீர்கள்.

வாங்கியதைப் பழைய லெதர் உறையில் மட்டும் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம்.