தண்டுவட ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: தாண்டிக்குடி அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, போன வாரம் நீங்கள் கேட்டது இரண்டே கேள்விதான். இந்தப் படிப்பு சோறு போடுமா? இவள் படித்து வந்தால் அப்பா எழுந்து நடப்பாரா?

இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மிளகு பறிக்க ஏறி, சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து அறுந்த தண்டுவடத்தைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். அவருக்குப் பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் மீனுக்கு ஒட்டும் தண்டுவடம் நமக்கு ஏன் ஒட்டுவதில்லை என்று அவள் கேட்பது அருமையான கேள்வி. ஜீப்ரா மீனுக்குத் தண்டுவடம் அறுந்தாலும் 6 முதல் 8 வாரங்களில் மறுபடி நீந்துகிறது. நமக்கோ அந்த இடத்தில் தழும்பு கட்டி, நரம்பிழை தாண்ட வழியில்லாமல் போகிறது. செல்களைச் சுற்றியுள்ள வலையை வெட்டித் திருத்துகிற நொதிகள் உண்டு. மெட்டலோபுரோட்டினேஸ் என்று பெயர். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துத்தநாக அணு. 1962இல் கிராஸ், லாப்பியர் என்ற இருவர் தலைப்பிரட்டையின் வால் துண்டைக் கொலாஜன் என்ற புரதக் கூழின் மேல் வைத்தார்கள். துண்டைச் சுற்றிக் கூழ் கரைந்து தெளிந்தது. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் சுருங்க இந்த வகை நொதி உதவுகிறது. உங்கள் மகள் அந்தத் தட்டைத் தன் நோட்டில் வரைந்து, தெளிந்த வளையத்தைப் பென்சிலால் அழுத்திக் காட்டியிருந்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இதில் நேரம்தான் எல்லாம். எலிகளில் அடிபட்ட முதல் நாளில் இந்த நொதிகளில் ஒன்றான எம்எம்பி-9 பெருகினால் ரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து சேதம் கூடுகிறது. அதே குடும்பத்து எம்எம்பி-2 சில நாள் கழித்து வந்து, தழும்பைக் குறைத்து உதவுகிறது. எதை எப்போது அடக்குவது, எதை விடுவது? வேலை அங்கேதான் மிச்சமிருக்கிறது.

சரி, சோறு. பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு எழுதலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் 15 கேள்விகள் வீதம் 60. கணக்கை விட்டுவிடக் கூடாது, அவள் தடுமாறுவது அதில்தான். கிடைத்தால் திருப்பதியோ திருவனந்தபுரமோ, ஐந்து வருஷப் படிப்பு. கட்டணம் அரசுக் கல்லூரியைவிடக் கூடுதல்தான். கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அப்புறம் எம்.எஸ்சி., பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற இளம் ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் பிஎச்.டி.க்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் அதுவரை ஐந்தாறு வருஷம் வீட்டுக்குப் பணம் வராது. அதை உங்களால் தாங்க முடியுமா என்று மகளை உட்காரவைத்துக் கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் நர்சிங்கும் நல்ல படிப்புதான், ஆனால் அவள் சம்மதித்துச் சேர வேண்டும்.

சனிக்கிழமை வத்தலக்குண்டுக்கு இறங்கினால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் எடுத்து வாருங்கள். அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.