வாசகர் கேள்வி – பதில்: கூத்து நடக்கும் ஊருக்கு ஒரு பயணம்

கேள்வி: வைகாசி மாதத்தில் இரண்டு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு, 70 வயதை நெருங்கும் என் தாயாரையும் 13 வயது மகனையும் வேலூருக்கு அழைத்து வர எண்ணியிருக்கிறேன். பொற்கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு அன்றே ரயிலேறிவிடாமல், அந்தப் பகுதியின் கலைகளை நிதானமாக அனுபவிக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகி, ஆவடி

பதில்: நல்ல மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வேலூர் அடங்கிய பழைய மாவட்டமான வட ஆர்க்காட்டின் பெருங்கலையான தெருக்கூத்துக்கு அரங்கமும் கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாக்களே அதன் வீடு. ஆகவே முதலில் ஒரு கூத்து இரவைத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. இடங்களை முதலில் பட்டியலிட்டுவிட்டு, நேரம் மிஞ்சினால் கூத்து பார்க்கலாம் என்று வருபவர்கள் பெரும்பாலும் கூத்தைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். எனக்கு அது மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

எந்த ஊரில் என்று நடக்கிறது என்பதை அறிய எளிய வழி, ஊர்ச்சுவர்களில் ஒட்டப்படும் விழா நோட்டீசைப் படிப்பதுதான். உறவினரோ நண்பரோ இந்தப் பக்கம் இருந்தால், அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பகலில் பாரதப் பிரசங்கம் எந்நேரம், இரவில் எந்தக் கூத்து, எந்த ஊர் மன்றம் (கூத்துக் குழு) ஆடுகிறது என்பதெல்லாம் நாள்வாரியாக அதில் அச்சிடப்பட்டிருக்கும். அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம் ஆகிய இரண்டும் முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு ஏற்றவை. தபசு நாளில் உயரமாக நட்ட மரத்தின் மீது அருச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் பூவும் வீச, கீழே பெண்கள் முந்தானை ஏந்திக் காத்திருக்கும் காட்சியை உங்கள் மகன் மறக்கமாட்டான்.

தாயாரால் இரவு முழுவதும் விழித்திருக்க இயலாது என்றால், துரியோதனன் படுகளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அது பகலில் நடப்பது. திடலில் மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து வண்ணம் தீட்டிப் படுக்க வைத்திருக்கும் துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமனும் அவனும் பொருதுவதும், அவன் தொடையைப் பிளந்த பிறகு திரௌபதி சபதம் தீர்ந்து கூந்தல் முடிப்பதும், அதைத் தொடர்ந்து எழும் ஒப்பாரியும் பார்ப்பவர் நெஞ்சை உலுக்கும். அன்று மாலை பெரும்பாலும் தீமிதி இருக்கும். வைகாசி முதல் நாளிலேயே வர முடிந்தால் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா உண்டு. ஆனால் அங்கு கூடும் கூட்டத்தில் முதியவர்களை அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: ஆர்வத்தோடு கூத்து பார்க்கச் சென்றோம். பாடலும் புரியவில்லை, கதையும் நகரவில்லை. நள்ளிரவுக்குள் எழுந்து வந்துவிட்டோம். எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: நீங்கள் எழுந்து வந்த நேரத்தில்தான் கூத்து சூடுபிடிக்கத் தொடங்கியிருக்கும். முதலில் மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவை சேர்ந்து முழங்கி ஆட்டத்துக்குக் களம் அமைக்கும்; இதைக் களரி கட்டுதல் என்பார்கள். பிறகு கட்டியங்காரன் வருவான். அவனைக் கோமாளி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பழங்கதையில் நடப்பதை இன்றைய பேச்சில் விளக்கி, வேடக்காரனிடம் கேள்வி கேட்டு, உங்கள் சார்பில் உள்ளே நிற்பவன் அவன். பாட்டு விளங்காத இடங்களில் அவன் பேச்சைப் பற்றிக்கொண்டால் கதை கைவிட்டுப் போகாது.

அடுத்தது திரை. இருவர் பிடித்திருக்கும் துணிக்குப் பின்னால் நின்று, கிரீடத்தின் முனையை மட்டும் காட்டி, சலங்கையை ஒலித்து, விருத்தம் பாடி, தான் யாரென்பதை மெல்ல மெல்ல அறிவித்த பிறகே பெரிய வேடம் வெளிப்படும். கதை நகரவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது இந்தப் பகுதியாக இருக்கலாம். கூத்தில் ஒரு பாத்திரத்தின் வருகையே ஒரு நிகழ்ச்சி. ஊரார் அதைத்தான் காத்திருந்து ரசிக்கிறார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் என்று மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த அணிகளைப் பூட்டிய கட்டை வேடம் சுழன்றாடும்போது விளக்கொளி தெறிப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஆகவே நாற்காலி தேடாமல், பாயோடு சென்று முன்வரிசையில் அமருங்கள். செல்வதற்கு முன் அன்றைய கதையை வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள். மாலையில் வில்லிபாரதப் பிரசங்கத்தையும் கேட்டுவிட்டால் இரவின் பாடல்கள் பாதி விளங்கிவிடும். பகலில் நன்றாக உறங்கிவிட்டு வருவது மிக அவசியம்.

தெருக்கூத்தின் வடக்கத்தி பாணியின் அழகை ஒரே இடத்தில் காண விரும்புவோர் செய்யாறு அருகிலுள்ள புரிசையை நினைவில் கொள்ளலாம். சங்கீத நாடக அகாதமி விருது பெற்ற கண்ணப்ப தம்பிரானின் ஊர் அது; 1989-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரையில் அதுவும் வட ஆர்க்காடுதான்.

கேள்வி: வேலூர்க் கோட்டையை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்கிறார்கள். குழந்தைகளோடு வருபவர்கள் அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: சுற்றிவிடலாம், பார்க்க முடியாது. ஜலகண்டேசுவரர் கோயிலின் கோபுரத்தைக் கடந்ததும் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். யாளிகளும் முன்கால் தூக்கிய குதிரைகளும் அவற்றின் மேல் வீரர்களுமாக நிற்கும் 16-ஆம் நூற்றாண்டுத் தூண்களில் பிள்ளைகளை ஆளுக்கொன்று தேர்ந்தெடுத்து வரையச் சொன்னால், நாம் காணாத சிறு உருவங்களையெல்லாம் அவர்கள் கண்டு காட்டுவார்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த இக்கோயிலில் 1981-இல்தான் லிங்கம் மீண்டும் எழுந்தருளியது என்பதையும் சொல்லுங்கள். சாமி இல்லாத கோயிலாக இதைப் பார்த்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். 1806 ஜூலை 10-ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இந்த மதில்களுக்குள்தான். கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

பொழுது மிஞ்சினால் விரிஞ்சிபுரம் சென்று, மார்க்கபந்தீசுவரர் கோயிலில் நிழலைக் கொண்டு மணி காட்டும் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதற்கு வெயில் வேண்டும். வேலூரில் அதற்குக் குறைவில்லை.

கேள்வி: கூத்துக் கலைஞர்களுக்கு நாமாகப் பணம் கொடுக்கலாமா? தவறாக எண்ணுவார்களா?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம்; அது கூத்தின் வழக்கமே. ஆட்டத்தின் நடுவில் கொடுத்தால் உங்கள் பெயரையும் ஊரையும் சபையறியச் சொல்லி வாழ்த்துவார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால், விடிந்து மங்களம் பாடி முடித்த பிறகு, அரிதாரம் கலைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சென்று மூத்த கலைஞரிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் எவரையும் படமெடுக்காதீர்கள். இரவெல்லாம் அருச்சுனனாக நின்றவர் அப்போதுதான் ஒரு வாய் தேநீர் குடிக்க உட்கார்ந்திருப்பார்.