பேட்டன் கையெழுத்திட்ட ஜெர்சியா? முதலில் ஃப்ரேமைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: நேப்பர்வில்லில் வசிக்கிறோம். சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகனான மகனுக்கு அந்த அணியின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் வால்டர் பேட்டன் கையெழுத்திட்ட ஜெர்சி வாங்கித் தர ஆசை. ஃப்ரேம், ஹாலோகிராம் ஸ்டிக்கர், சான்றிதழோடு 900 டாலர் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

பதில்: ஆள் தேர்வில் குறையில்லை. அதே அணியின் பட்கஸா, சேயர்ஸா, லக்மனா என்று சண்டை போடுவோர் போடட்டும். 13 சீசனில் ஒரே ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டு 16,726 கெஜம் ஓடியவருக்குத்தான் என் ஓட்டு. போலிக்காரர்களின் ஓட்டும் அவருக்கே. அவர் இறந்தது 1999 நவம்பர் 1. புதுக் கையெழுத்து இனி வராது, கிராக்கியோ குறையவில்லை.

அந்தத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையிலும் உள்தையலிலும் உள்ள துணித்துண்டைப் பாருங்கள். 1999க்குப் பின் தைத்த ஜெர்சி என்றால் பேச்சே வேண்டாம். துண்டில் 1985 என்று இருந்தாலும் மயங்காதீர்கள். பழைய பாணி ஜெர்சிகளில் அது எந்த சீசனின் மாதிரி என்பதற்கான குறிப்பு, தைத்த ஆண்டு அல்ல. இதையெல்லாம் நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் கண்ணாடிக்குள் அடைத்துத் தருகிறார்கள். "கழற்றினால் பாழாகிவிடும்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்து சான்றிதழ். விற்பவர் தானே அச்சடித்துத் தருவது வெறும் காகிதம். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற, கையெழுத்தைச் சோதித்துச் சான்று தரும் வெளி நிறுவனத்தின் எண் ஜெர்சியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். அட்டையில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்யாதீர்கள், அது போலித் தளத்துக்கே கூட்டிப்போகலாம். நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டி, எண்ணைத் தேடி, அங்கே படம் இருந்தால் எழுத்தின் சாய்வு, இடம் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சான்றிதழின் தேதி 1999க்குப் பிந்தையது என்பதால் மட்டும் பொருள் போலியாகிவிடாது. 1986இல் போட்ட கையெழுத்தை 2018இல் ஆராய்ந்து "எங்கள் கருத்தில் அசல்" என்று எழுதித் தரலாம். அது கருத்து, அவ்வளவே. ஆனால் "எங்கள் ஆள் முன்னிலையில் போட்டது" என்று இருந்தால்? பெக்கெட்டின் கையெழுத்துச் சோதனைப் பிரிவு தொடங்கியதே 2016இல். இறந்து 17 ஆண்டுக்குப் பிறகு யார் முன்னிலையில் போட்டார்? "கருத்து", "முன்னிலையில்" என்ற இரண்டு சொல்லில்தான் உங்கள் 900 டாலர் நிற்கிறது.

தொண்ணூறுகளில் எஃப்பிஐ சிகாகோவிலேயே போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. முப்பது வருடம் ஆகியும் சில விற்பனைத் தளங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு "வாங்குபவர் பொறுப்பு" என்று கைகழுவுகின்றன. ஆகவே வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் ஸெல் வழியாகக் கட்டாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். "வெளி நிறுவனம் நிராகரித்தால் முழுப் பணமும் திருப்பித் தருவேன்" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

பிறந்தநாள் நெருங்கிவிட்டதென்றால், 1985 அணியில் பேட்டனோடு ஆடிய மைக் சிங்கிள்டரி (எண் 50), ரிச்சர்ட் டென்ட் (எண் 95) ஜெர்சிகளைப் பாருங்கள். அவர்களுக்கு முன்னிலைச் சான்று உண்மையிலேயே கிடைக்கும்.