அமெரிக்கச் சிற்றூர்களில் 'பூஸ்டர் கிளப்' என்றால் என்ன? ஒரு பள்ளி ஃபுட்பால் அணிக்காக ஊரே ஏன் திரள்கிறது?

பூஸ்டர் கிளப் என்பது பள்ளி அணிக்காகப் பணமும் உழைப்பும் திரட்டித் தரும் ஊர்க்காரர்களின் சங்கம். நம் ஊரில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிக்கும் கமிட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, இங்கே தேருக்குப் பதில் ஃபுட்பால் அணி.

ஒஹையோ மாநிலத்து மாசிலன் நல்ல உதாரணம். சுமார் 32,000 பேர் வாழும் பழைய எஃகு ஆலை ஊர். அதன் பள்ளி மைதானத்திலோ 16,000 பேருக்கு மேல் உட்காரலாம்! பக்கத்து ஊரான கேன்டனின் மெக்கின்லி பள்ளியோடு 1894-லிருந்தே போட்டி. 1932 முதல் 1940 வரை இங்கே பயிற்சியாளராக இருந்த பால் பிரவுனின் பெயர்தான் பின்னாளில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணிக்கும் வந்தது. 2018-ல் மூடப்பட்ட ஊர் மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தால், பூஸ்டர் கிளப் தொட்டிலில் ஒரு குட்டிப் பந்தை வைத்துவந்தது. பல்லாண்டு நீடித்த பழக்கம் அது.

காரணம் எளிது. அரசுப் பள்ளி அணியில் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளே ஆடுவார்கள். தாத்தா, அப்பா, மகன் என்று அதே ஆரஞ்சு-கறுப்புச் சட்டை போட்ட குடும்பங்கள் உண்டு. காசு கொடுத்து வெளியூர் ஆளை வாங்கும் தொழில்முறை அணிமேல் இந்த ஒட்டுதல் வராது என்பது என் எண்ணம்.

அப்புறம், ஃபுட்பால் என்றதும் நம் கால்பந்தை நினைத்துவிட வேண்டாம்; இது முட்டைவடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்.