பட்டறைக் கேள்விகள்: மூலையில் குவிகிற பசை

கேள்வி: பேனல் பாக்ஸ் கதவுகளுக்கு பி.யூ. (பாலியூரிதேன்) பசையால் கேஸ்கட் கோடு, அதாவது இடுக்கை அடைக்கும் கோடு போடுகிறேன். எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று ஆக்சிஸில் கம்ப்யூட்டர் கட்டளைப்படி நகரும் ரௌட்டரில், வெட்டுகிற ஸ்பிண்டிலைக் கழற்றி, ஸ்டெப்பர் மோட்டாரில் (படிப்படியாக அளந்து சுற்றும் மோட்டார்) ஓடும் கியர் பம்பின் ஹோஸைக் கட்டியிருக்கிறேன். ஸ்பிண்டிலை ஓட்டும் எம்3 கட்டளை போட்டால் பம்ப் ஓடும், நிறுத்தும் எம்5 போட்டால் நிற்கும். நேர்கோடு அருமை. மூலைகளில் மட்டும் பசை குவிகிறது. பீடை, அதாவது மெஷின் நகரும் வேகத்தைக் குறைத்தால் இன்னும் மோசம்.
- வாசகர், சூரமங்கலம்

பதில்: மோசமாகத்தானே ஆகும் தம்பி! பீடைக் குறைத்தீர்கள், பம்ப் குறையவில்லையே. சேலம் ஐந்து ரோட்டில் பஸ் திரும்புகிற மாதிரி மெஷினும் மூலையில் மெதுவாகித்தான் திரும்பும். பம்புக்கு அது தெரியாது, அதே வேகத்தில் கக்கும்.

எம்3-ஐ மறந்துவிடுங்கள். பம்ப் மோட்டாரை நாலாவது ஆக்சிஸாக, அதாவது ஏ ஆக்சிஸாக இணையுங்கள். நேர்கோட்டில் நகரச் சொல்லும் ஒரே ஜி1 வரியில் எக்ஸும் ஏ-யும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே வேகமெடுக்கும், சேர்ந்தே குறையும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் சாதாரண ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டும் மென்பொருள்) என்றால் மூன்று ஆக்சிஸ்தான். உங்களுடையது அதுவென்றால் போர்டை மாற்ற வேண்டும்.

அப்புறம் அளவு. பம்பைப் பத்துச் சுற்று ஓட்டி, ஒரு கப்பில் பிடித்து எடை போடுங்கள். நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடை போடுகிற தராசைக் கடன் வாங்கித்தான் பார்த்தேன். 16.8 கிராம் வந்தது. டின்னில் அடர்த்தி 1.2 என்றிருந்தது. ஆக 14 மில்லி, சுற்றுக்கு 1.4. 3 மி.மீ. உருண்டைக் கோட்டுக்கு 100 மி.மீ. நீளத்தில் 0.7 மில்லி வேண்டும். அரைச் சுற்று, கணக்காகச் சொன்னால் 182 டிகிரி. இருக்கிற இடத்திலிருந்து அளக்கும் ஜி91-ல் 'ஜி1 எக்ஸ்100 ஏ182' என்று வரும். தொடக்கப் புள்ளியிலிருந்தே அளக்கும் ஜி90 என்றால் ஏ எண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஏ-யின் உச்ச வேகத்தைக் குறைவாக வைத்துவிட்டால் அதற்காக எக்ஸ், ஒய்யும் தவழும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் எனக்கு முதலில் சரிவரவில்லை. ஒன்றரை மீட்டர் ஹோஸ் தொங்கிக்கொண்டிருந்தது. பம்ப் நின்ற பிறகும் ஹோஸ் சுருங்கிச் சுருங்கிப் பசையைத் தள்ளியது. நாற்பது கதவைப் பிளேடால் சுரண்டினேன். பம்பையே, மேலும் கீழும் நகரும் இசட் ஆக்சிஸ் மேல் ஏற்றி ஹோஸை ஒரு சாணாக்கிய பிறகுதான் அடங்கியது. கோடு முடிகிற இடத்தில் ஏ-யை 25 டிகிரி பின்னால் சுற்றுகிறேன். அடுத்த கோட்டின் தொடக்கத்தில் அதே 25-ஐ முன்னால் தள்ளிவிட்டு நகர்கிறேன்.

கேள்வி: கேக் மேல் சாக்லேட்டில் பெயர் எழுத, சிரிஞ்சில் காற்றழுத்தம் கொடுக்கும் சின்ன மெஷின் வைத்திருக்கிறேன். காலையில் எழுத்து மெலிகிறது, மதியம் தடிக்கிறது.
- வாசகி, ஏற்காடு

பதில்: காற்று தள்ள மட்டும்தான் செய்யும், அளந்து கொடுக்காது அம்மா. காலைக் குளிரில் சாக்லேட் இறுகினால் குறைவாகத்தான் வரும். சிரிஞ்சைச் சுற்றி ஹீட்டர் கட்டி, டார்க் சாக்லேட் என்றால் 31, 32 டிகிரியில் நிறுத்துங்கள். காற்றுக்குப் பதில் ஸ்டெப்பர் மோட்டாரும் ஸ்குரூவும் வைத்துப் பிஸ்டனைத் தள்ளினால் மேலே தம்பிக்குச் சொன்ன ஏ ஆக்சிஸ் கணக்கே உங்களுக்கும் பொருந்தும்.